கண்ணாடிக் கூடு

பங்குனி வெக்கை. கொட்டடியில் கடற்காற்று
பத்து மணிக்கே நின்றுவிடும்.
காற்றாடிச் சுவிட்சுக்குக் கையை உயர்த்தினேன்.
இரண்டாம் வாங்கில் நிருசன்
கண்ணாடியைக் கழற்றி
காதுக் கம்பிகளை மடித்து
நீலக் கூட்டுக்குள் வைத்து மூடினான்.
டிக்.
பிறகு நிமிர்ந்திருந்தான்,
ஊசி போடும் வரிசையில்
பழகிப்போன பிள்ளை மாதிரி.

தலையிடியாக்கும் என்று நினைத்தேன்.

மறுநாள் இலங்கைப் படத்தை இறக்கக் கை போனது.
டிக்.
அடுத்த கிழமை யன்னல் கொக்கியை எட்டினேன்.
டிக்.
தரம் நான்கு, முப்பத்தொரு பிள்ளைகள்.
அந்தச் சின்னச் சத்தம் என் காதில் ஏற
ஒரு தவணை முழுதும் பிடித்தது.
அதற்குள் அறிக்கையில், நடத்தைக்கு நேரே,
என் வடிவான எழுத்தில் எழுதியாயிற்று:
"அமைதியான பிள்ளை. மிக நன்று."

வைகாசியில் குழாயடியில் சண்டை.
ஆதிரையன் இவன்ர அழிறப்பரை எடுத்துப்போட்டானாம்.
நான் ஓடிப்போக முன்னம்
இவன் எதிரே நின்று
மெதுவாக, ஒரு மரியாதையோடு சொன்னான்:
"கண்ணாடியைக் கழட்டி வை."
விளையாட்டென்று அவனும் கழற்றினான்.
பிறகுதான் அடி.

"ஏனடா சொல்லிப்போட்டு அடிச்சனீ?"

"உடைஞ்சா எட்டாயிரத்து ஐந்நூறு, ரீச்சர்.
அம்மான்ர மூண்டு தரம் உடைஞ்சது.
இப்ப அப்பா முதலே சொல்லுவார்."

முதலே சொல்லுவார் என்றபோது
அவன் குரலில்
ஒரு நன்றி இருந்தது.

நல்ல மனிசன், ஊர் சொல்லும்.
கஸ்தூரியார் வீதியில் இரும்புக் கடை.
வகுப்புக் காற்றாடி அவருடைய அன்பளிப்பு,
மூன்று இறகிலும் சிவப்பில் அவர் பெயர்.
சுற்றத் தொடங்கினால் வாசிக்க முடியாது.

அதிபர் கதவைச் சாத்திவிட்டு
"குடும்ப விசயம், ரீச்சர்" என்றார்.
பிரதேச செயலகத்துக்கு எழுதினேன்.
ஒருத்தி வந்தாள், குறிப்பெடுத்தாள்,
தேத்தண்ணியும் குடிக்காமல் போனாள்.
பெற்றார் கூட்டத்துக்குத் தாய் தர்மினி வந்தாள்.
இருங்கோ என்று கதிரையைக் காட்டக் கை நீட்டினேன்.
அவள் விரல்கள் மூக்குவரை போய்
தலைமயிரை ஒதுக்குவதுபோல்
திரும்பி வந்தன.

என் மேசை லாச்சியில் ஓர் அடிமட்டம் இருந்தது.
கோடு கீற மட்டுமல்ல என்பது
முப்பத்தொரு பேருக்கும் தெரியும்.
இப்போது அது என் வீட்டுக் குசினி யன்னலுக்கு
முட்டுக் கொடுத்தபடி நிற்கிறது.

இப்போதெல்லாம் சொல்லிவிட்டுத்தான் கை உயர்த்துகிறேன்.
"காற்றாடி போடப் போறன்."
"படம் இறக்கப் போறன்."
முதலே சொல்கிறேன், அவரைப்போல.
ஓர் இரவு இது உறைத்து
விடியும்வரை படுக்கவில்லை.
வேறு வழியும் தெரியவில்லை.

பிள்ளைகள் அதைப் பகிடியாக்கிவிட்டார்கள்.
"தண்ணி குடிக்கப் போறன்!"
"மூக்குச் சிந்தப் போறன்!"
நிருசனும் சிரிக்கிறான்,
மற்றவர்களைப் பார்த்து, ஒரு நொடி பிந்தி,
ஒரு கை
கூட்டின் மேல் இருக்க.