சத்தம் பற்றிய புகார்

வாரத்தில் ஐந்து நாள்
நகர மன்ற அலுவலகத்தில் சத்தங்களுக்குப் பதில் எழுதுகிறேன்.
மேல்வீட்டில் உரல், பக்கத்து வீட்டில் டிரில்,
எங்கிருந்தென்றே தெரியாத ஒரு டொக்.
‘தங்கள் பொறுமைக்கு நன்றி’ என்று முடிப்பேன்.
சனிக்கிழமை சுங்கை காடுட் போய்
மணிக்குப் பதினெட்டு வெள்ளி கொடுத்து
நானே அடிக்கிறேன்.

இந்தச் சம்மட்டித் தலை ஆறு வெள்ளி.
வீவக வீடுகளில் சுவர் இடிக்கும் குத்தகைக்காரர்
தொழிலை மூடியபோது வாளியோடு விற்றார்.
எனக்கு வேண்டியிருந்தது வாளி.
அடித்து அடித்து விளிம்பு காளான்போல் மடிந்து,
பக்கவாட்டில் யாரோ கொத்திய எழுத்து: வ. மு.
எத்தனை சமையலறை இந்த வ. மு., எத்தனை புகார்.
சிலவற்றுக்கு நான்தான் பதில் போட்டிருப்பேன்.

சுத்தியல் செய்யச் சுத்தியல் வேண்டும் என்பது
முதல் நாளே உறைத்தது.
உலையைப் பங்குபோடும் ஹுவாட் லெங் தன்னுடையதை நீட்டினான்:
“முகத்தில் தழும்பு விழுந்தால் உன் செலவு.”

மடிப்பை அரைத்துத் தள்ளினேன்,
விட்டுவைத்தால் சில்லு தெறித்துக் கண்ணைத் தேடும்.
ஆரஞ்சு நிறத்தில் எடுத்து ஒரு முகத்தை உருட்டினேன்.
மற்றது சப்பையாகவே இருக்கட்டும்.
பிடித்துளை நசுங்காதிருக்க அடித்த முளை
வெளியே வர மறுத்து
அரைமணி, அதாவது ஒன்பது வெள்ளி, போயிற்று.

பிறகு காந்தம்.
குளிர்சாதனப் பெட்டியிலிருந்து கழற்றிவந்த மெர்லயன்.
போதுமான அளவு சிவந்த இரும்புக்குக்
காந்தத்தை அடையாளம் தெரியாது.
மெர்லயன் ஒட்டாமல் நழுவிய நொடியில்
எண்ணெயில் இறக்கினேன்,
என் புளோக்கின் கீழ் புரோட்டாக் கடையில் வாங்கிய பழைய எண்ணெய்.
பட்டறையே மணந்தது. கறி எங்கே என்றான் ஹுவாட் லெங்.
அரம் வைத்துப் பார்த்தேன். கடித்தது.
கடித்தால் தோல்வி.

மறுபடி தீ, மறுபடி மெர்லயன், இம்முறை தண்ணீர்.
டிங் என்றது.
விரிசல் என்றே நினைத்தேன், வாளியின் கைப்பிடி.
அரம் வழுக்கியது
ஈரத் தரையில் ரப்பர் செருப்பைப்போல.

வெறும் கடினம் உடையும். பதம் அதற்குப் பிறகு.
காய்ச்சிய முளையைத் துளைக்குள் விட்டால்
நிறம் நடுவிலிருந்து முகத்துக்கு நடக்கும்.
வைக்கோல் நிறத்தில் நிறுத்து என்பார்கள்.
நான் வைக்கோல் பார்த்தது பொங்கல் வாரத்தில்,
கேம்பல் லேனில், கம்பிவேலிக்குப் பின்னால், ஒரு மாட்டின் வாயில்.
ஆகவே தே ஓ என்று வைத்துக்கொண்டேன்,
ஐஸ் பாதி கரைந்த தே ஓ.
வந்தபோது தெரிந்தது.

பிடி, உடைந்த சங்கோலின் மிச்சம்.
ஆப்பு வைத்தேன். அந்தச் சொல்லை
நல்ல பொருளில் நான் சொல்வது இதுதான் முதல் தடவை.
மு. சாணைக்கல்லில் போய்விட்டது.
வ. இருக்கிறது. என் பெயரில் வ. கிடையாது.

திங்கட்கிழமை, தொலைபேசியில் திருமதி நோராய்னி.
ராத்திரி பத்தரைக்கு மேல்வீட்டில் அடிக்கிறார்களாம்.
தேதி, நேரம், எத்தனை நிமிடம் என்று கேட்க வேண்டும்.
“அடித்தபின் சத்தம் நீள்கிறதா, உடனே நிற்கிறதா?” என்றேன்.
மறுமுனையில் யோசனை.
“இரண்டு தடவை கேட்கிறது. டொக், பிறகு சின்னதாக ஒரு டொக்.”
தலை ஆடுகிறது. ஆப்பு போதவில்லை.

படிவத்தில் இதை எழுதக்
கட்டம் தேடிக்கொண்டிருக்கிறேன்.