அரை

நேற்று நாலரைக்கு வைத்தது,
அறுபது டிகிரியில் இரவெல்லாம் ஊறியது.
ஒன்பது மணிக்கு டர்பன் நகரம் இருண்டது, வழக்கமான மின்வெட்டு.
ஜெனரேட்டர் இருமிக்கொண்டே எழுந்து பிடித்துக்கொண்டது.
காலையில் புசிசிவே தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
"காயவில்லை" என்றாள்.

பதினாறு குழிகள்.
பதினொன்றில் நோயாளிகள்,
நான்கில் எங்களுக்குத் தெரிந்த ஆரோக்கியம்,
ஒன்றில் வெறும் தண்ணீர்.

எழுத்துப்பிழை தேடுவது பக்கத்து அறை வேலை.
நான் எண்ணுகிறவள்.
அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று,
ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு பிரதி இருக்கிறதா?
இருந்தால் திரையில் முகடு ஒன்றில் நிற்கும்.
ஒரு பிரதி தொலைந்திருந்தால் அரை.
கூடியிருந்தால் ஒன்றரை.
கிழித்தெடுத்த பக்கத்தில்
ஒற்றுப்பிழைகூடக் கிடைக்காது.

கப்பல் பட்டியல் எழுதிய குமாஸ்தா
படையாச்சியின் வாலில்
கூடுதலாக ஒரு ஈயை உட்கார வைத்தான்.
நான்கு தலைமுறையாக யாரும் விரட்டவில்லை.
என் வெள்ளைக் கோட்டில் தைத்த ஆங்கிலப் பெயரில்
இரண்டு ஈயும் அருகருகே இருக்கின்றன.
கூடினதெல்லாம் நோயல்ல.

மூன்றாம் குழி.
வயது முப்பத்துநான்கு, பீனிக்ஸ்.
தாய்க்கும் சித்திக்கும் மார்பில் புற்று
என்று படிவத்தில் அவசரமான நீல மை.
பதின்மூன்றாம் எக்ஸான்: அரை.
மற்றதெல்லாம் ஒன்று, ஒன்று, ஒன்று.

நீக்கம் என்று எழுதிவிடலாம்.
வியாழக்கிழமை அறுவை நிபுணரைப் பார்க்க
அவளுக்கு நேரம் குறித்தாயிற்று.
ஆனால் சுவரில் புசிசிவே ஒட்டிய காகிதம் இருக்கிறதே,
ஜூலுவில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை:
ஒற்றை முகடு விழுந்தால் நம்பாதே.

பக்கத்து அறைக்கு அனுப்பினேன்.
இரண்டு நாள்.
டீ ஆறிப்போனதைத் தவிர அந்த இரண்டு நாளில்
என்ன செய்தேன் என்று நினைவில்லை.

புதன் மதியம் வந்தது விடை:
ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது.
புரோப் வந்து அமர வேண்டிய இடத்தில்,
சரியாக அங்கே.
நாற்காலி இருந்தது. உட்கார முடியவில்லை.
நாற்காலியே இல்லை என்று
எழுதிக்கொண்டது இயந்திரம்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நான் தோற்ற பாடம் தொகை.
தயிர்க்குடம் என்றால் தயிரை உடைய குடம்;
நடுவில் உள்ளது கண்ணில் படாது,
காணாமலும் போகாது.
தொக்கி நிற்கும்.
இன்று எழுதினால் தேறிவிடுவேன்.

மாறிய எழுத்து தீங்கற்றது, பொருளைத் தொடாதது.
நீக்கம் இல்லை, இரட்டிப்பு இல்லை என்று
கையெழுத்திட்டேன், இரண்டு ஈயோடும்.
பின்னே அவள் தாய்க்கு எதனால் வந்தது?
அதற்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.
அதனால் மருத்துவமனைக்குப் போன் செய்து
வாயால் சொன்னேன்:
"நாங்கள் தேடிய இடத்தில் இல்லை. அவ்வளவுதான்."
மறுமுனையில் இருந்த பெண்
எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.

நாலரை.
புசிசிவே அடுத்த தட்டுக்கு எண் ஒட்டுகிறாள்.
பதினாறாம் குழியில்
இன்றும் தண்ணீர் விடுகிறேன்.