பூஜ்ஜியத்தை அனுப்பிப் பார்த்தல்

பிப்ரவரி. ஏரி உறைந்து கிடக்கிறது.
வண்டியின் பின்சீட்டில், கம்பளிக்குள்,
முட்டையைப் போலப் பொதிந்து வைத்த மூன்று மோடம்கள்.
ஒன்று தொலைபேசிக் கம்பியில் பேசும்.
ஒன்று செல்போன் கோபுரத்தைத் தேடும்.
ஒன்று வானத்தைப் பார்த்து வைத்தால்தான் வாய் திறக்கும்;
விலையும் அங்கேதான் இருக்கிறது.

ஹாலோரன் கவுண்டியில் பதினான்கு வாக்குச்சாவடிகள்.
எங்கே எது எடுபடும் என்று
பார்த்து எழுதித் தர என்னை அனுப்பியிருக்கிறார்கள்.
பழைய மோடத்தின் அலைவரிசையைக் கம்பெனி
போன வருடமே அணைத்துவிட்டது.
மோடத்துக்கு யாரும் சொல்லவில்லை.
சொருகினால் பச்சை விளக்கைச் சிமிட்டி
இல்லாத கோபுரத்தைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.

சோதனைக்கு நிஜ வாக்கு ஆகாது.
எந்திரம் விழித்ததும் அச்சடிக்கும் சுருளில்
எல்லாப் பெயருக்கும் எதிரே பூஜ்ஜியம்.
அதைத்தான் அனுப்புகிறேன்.
தீயணைப்பு நிலையத்திலிருந்து பூஜ்ஜியம், பதினோரு விநாடி.
பள்ளியிலிருந்து பூஜ்ஜியம், நாற்பது விநாடி:
கூடைப்பந்து ஆட்டம், பார்க்க வந்த எல்லோர் கையிலும் போன்.
லூத்தரன் தேவாலயத்தின் நிலவறைக்குள்
எதுவும் இறங்கவில்லை. கற்சுவர் இரண்டடி.
அலுவலகத்தில் ரோண்டா ஃபிஷ்பாக்
ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு போனில் சொல்கிறாள்:
"வந்தது. யாரும் ஜெயிக்கவில்லை."

சுவருக்கும் காது உண்டு என்பார்கள்.
காது பொருத்தத்தான் எனக்குச் சம்பளம்.
இது பேசும், கேட்காது என்கிறது விற்பனைத் தாள்,
தடித்த எழுத்தில்.
கேட்காவிட்டால், அந்தப் பக்கம் "வந்தது" என்று சொன்னது
இதற்கு எப்படித் தெரிந்தது?
விற்பனையாளர் நல்ல கேள்வி என்றார்.
டோனட் வாங்கிக் கொடுத்தார்.

கடைசி ஊர் ஹெரிங் பாயின்ட். அறுபத்தொரு வாக்காளர்கள்.
ஐலா ரவுட்டியோ எனக்கு முன்பே வந்து
விறகடுப்பை மூட்டியிருந்தார்.
கம்பியைப் பனி வாரும் வண்டி அறுத்துப்போட்டுவிட்டது;
செம்புக்கெல்லாம் இனி ஆள் வராது என்றார்கள் கம்பெனியில்.
கோபுரம் குன்றுக்கு அந்தப் பக்கம்.
தெற்கு வானத்தை மறைத்து பைன் மரங்கள்,
வெட்டினால் ஊரே சண்டைக்கு வரும்.

எந்திரத்தையும் பேட்டரியையும் சறுக்குப் பலகையில் வைத்து
ஏரிக்குள் இழுத்துப்போனேன்.
கரையிலிருந்து இருநூறு தப்படியில் ஒரு கோடு.
முந்நூறில் மூன்று.
பனிக்கட்டியில் துளையிட்டுத் தூண்டில் போட்டிருந்த
வெண்டல் போட்ரி குடிசையிலிருந்து எட்டிப் பார்த்தார்.
"என்ன சிக்கிற்று?"
"பூஜ்ஜியம்."
"எனக்கும் அதேதான்."
ஒன்பது விநாடி. பதினான்கிலும் இதுதான் வேகம்.
நான் துள்ளாத குறை.

"தேர்தல் நவம்பரில்" என்றார் ஐலா.
"அப்போது இங்கே தண்ணீர்."

இத்தனை வருடம் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.
எண்ணி முடித்து, சுருளின் ஒரு பிரதியைக் கதவில் ஒட்டி,
வாக்குச்சீட்டுகளைப் பையில் போட்டு முத்திரையிட்டு,
எதிர்க்கட்சிக்காரர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார்த்தி
ஐம்பத்துமூன்று மைல் ஓட்டுவாராம்.
வழியில் அரசியல் பேசக் கூடாது என்று விதி.
இருபது வருடத்தில் இரண்டு மான் அடிபட்டது.
வாக்கு ஒன்றுகூடச் சிந்தவில்லை.

"டிவிக்காரர்களுக்கு ஒன்பது மணிக்கே வேண்டும்" என்றேன்.
"பதவி ஜனவரியில்தானே?" என்று
அடுப்பில் இன்னொரு கட்டையைத் தள்ளினார்.

அறிக்கையில் எல்லா ஊருக்கும் ஒரு கட்டம்: மாதிரி எண்.
கடைசிக் கட்டத்தில் எழுதினேன்:
ஐலாவின் பிக்கப். பனிச் சக்கரங்கள் நான்கு, புதிது.
கமிஷன் கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.
பொருளாளர் சிரிக்கவில்லை; கணக்குப் போட்டுப் பார்த்தார்,
செயற்கைக்கோளைவிட மலிவு.

மே மாதம் சக்கரங்களைக் கொடுக்கப் போனேன்.
நான் நின்ற இடம் அலையடித்துக் கிடந்தது.
வெண்டல் படகில் இருந்தார், கை காட்டினார்.
ஹெரிங் பாயின்டிலிருந்து கம்பியில்லாமல் போன
ஒரே முடிவு
அங்கே எங்கேயோ.