ஃபேமிலி ரூம்

அது டி.எச். ரோட்டில் இடதுகைப் பக்கம் என்கிறான் தம்பி,
மஸ்கட்டிலிருந்து, வெள்ளிக்கிழமை பிரியாணி ஆறிக்கொண்டிருக்க.
வலதுகைப் பக்கம் என்கிறேன் நான்.
ராயபுரத்திலிருந்து வந்தாலா, தண்டையார்பேட்டையிலிருந்து வந்தாலா
என்று ஆரம்பித்து
அரை மணி நேரம் சண்டை போட்டோம்,
இல்லாத ஒரு ஓட்டலுக்காக.

நியூ லலிதா கபே.
பழைய லலிதா எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

கல்மண்டபத்தில் சேட்டு கடை பாதாம் பால் போனது.
மின்ட்டில் நின்றபடியே தின்ற அத்தோ வண்டி போனது.
போட்டுக்குப் போகிறவர்களுக்காக
விடியற்காலை மூணு மணிக்குத் திறக்கும்
காசிமேட்டு அந்தோணி நாயகம் ஆப்பக்கடையும் போனது.
அவற்றுக்கெல்லாம் ஒரு 'ப்ச்' போதும்.
லலிதா கபேயில் மட்டும்
எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கிறது.

நைனா ஹார்பரில் வின்ச் ஓட்டினார்.
ஏழாம் தேதி சாயந்திரம்
கிரீஸ் போகத் தேய்த்துக் குளித்து
வெள்ளைச் சட்டையில் எங்களை நடத்திக் கூட்டிப்போவார்.
பச்சைத் திரை போட்ட ஃபேமிலி ரூம்.
நாலு பேருக்கான பெஞ்சு, நாங்கள் ஐந்து பேர்.
திரைக்குக் கீழே தெரியும் கால்களை வைத்தே
வருவது யாரென்று சொல்லிவிடுவேன்.
இடது குதிகால் தேய்ந்த ரப்பர் செருப்பு என்றால்
சேஷகிரி.

அந்த ஓட்டலில் பில் கிடையாது. காகிதமே கிடையாது.
எழுந்து கல்லாவை நோக்கி நடந்தால்
பின்னாலிருந்து சேஷகிரியின் குரல்
நம்மை முந்திக்கொண்டு போகும்:
'முன்னால குடை, ஒண்ணு இருபது!
கைக்குழந்த, மூணு தொண்ணூறு!'
கல்லாவில் ஷெனாய். அவர் தலைக்கு மேல்
சாய்த்து மாட்டிய நிலைக்கண்ணாடி.
ஈ உட்கார்ந்த தட்டைக்கூட அதில் எண்ணிவிடுவார் என்று பேச்சு.

ஸ்ட்ரைக்கின் நாற்பத்தோராம் நாள்
ஏழாம் தேதியில் வந்தது.
தம்பிக்கு ஸ்ட்ரைக் தெரியாது, தேதி தெரியும்.
அழுதான்.
நைனா எழுந்து வெள்ளைச் சட்டையை மாட்டினார்.
மணிக்கட்டில் வாட்ச் இருந்த இடம்
பட்டையாக வெளுத்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

'பசங்களுக்கு மட்டும் பூரி' என்றார்.
'எங்களுக்கு வேணாம். இப்பத்தான் துன்னோம்.'
அம்மா திரையின் மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
சேஷகிரி ஐந்து தட்டு கொண்டுவந்தார்.
'உள்ள தப்பா போட்டுட்டான். திருப்பி எடுக்க மாட்டான். சாப்பிடுங்க.'
அப்புறம் காபியும்
தப்பாக ஐந்து வந்தது.

கல்லாவுக்கு இருபதடி இருக்கும்.
சட்டைப் பையை வெளியிலிருந்தே
அழுத்திப் பார்த்தபடி நடந்தார் நைனா.
சேஷகிரி கத்தவில்லை.
பாதி தூரம் போயும் கத்தவில்லை.
பிறகு கத்தினார்:
'வெள்ளச் சட்ட, அஞ்சு பேரு, ரெண்டு எழுபத்தஞ்சு!'

நான் அப்போது ஏழாங்கிளாஸ். பெருக்கத் தெரியும்.
ஷெனாய் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார்.
திரையைத் தள்ளிவிட்டு வந்திருந்தோம்.
ஐந்து தட்டும் ஐந்து டம்ளரும் அதில் தெரிந்தன.
'ரெண்டு எழுபத்தஞ்சு' என்றார் அவரும்.
சோம்புத் தட்டை எங்கள் பக்கம் நகர்த்தினார்.

நைனா அதைப் பற்றிப் பேசியதே இல்லை.
ஸ்ட்ரைக் முடிந்து சம்பளம் வந்ததும்
எங்களை வேறு ஓட்டலுக்குக் கூட்டிப்போனார்.
அங்கே பில்
காகிதத்தில் வரும்.

மூணு ரூபா என்கிறான் தம்பி.
ரெண்டு எழுபத்தஞ்சுடா. உனக்கு அப்ப நாலு வயசு.

இப்போது அந்த ரோட்டுக்கு அடியில் மெட்ரோ ஓடுகிறது.
இடதோ வலதோ,
லலிதா கபேயின் மாவரைக்கிற கல்லுக்குக் கீழே எங்கேயோ
ஏ.சி. குளிரில் உட்கார்ந்து போகிறேன்.
அடுத்த நிலையத்தின் பெயரைச் சொல்லி
கதவுகள் இடதுபுறம் திறக்கும் என்கிறது
இதுவரை ஒரு தடவைகூட
தப்பாகச் சொல்லாத குரல்.