ஜி-க்கும் ஜி ஷார்ப்புக்கும் நடுவே

நாலு நிமிஷம் பதினோரு நொடி.
வில்னிஸ் வாசித்ததை மென்பொருளுக்குத் தின்னக் கொடுத்தால்
ஆயிரத்து முந்நூற்று நாற்பது ஸ்வரம் என்று கணக்குச் சொல்கிறது.
நானூறு இருந்தால் அதிகம்.
அவனைப் போலச் சோம்பேறி ரீகாவிலேயே கிடையாது,
அவனைப் போல பேஸ் வாசிக்கிறவனும்.

சனிக்கிழமை மேடை.
அவனோ பால்டிக் கடலில்,
லாரிகளை ஏற்றிச் செல்லும் கப்பலில்
ஓட்டுநர்களுக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறான்.
அவன் இடத்தில் ஒரு சின்தசைசர் நிற்கும்.
அதற்கு ஒலி வேண்டாம், மிடி போதும்:
எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தம்,
விரல் எப்போது எடுபட்டது.
போலீஸ் கேட்கிற மாதிரி நாலு கேள்வி.

ராத்திரி பத்துக்கு உட்கார்ந்தேன்.
கம்பியில் விரல் வழுக்கிய கீச்சொலியை
உச்ச ஸ்தாயியில் ஒரு புள்ளியாக எழுதியிருந்தது. அழி.
தாழ்ந்த ஈ-யை ஒரு ஸ்தாயி மேலே தூக்கி வைத்திருந்தது. இறக்கு.
இடது கை சும்மா தொட்ட தொடல்கள்,
ஸ்வரமும் இல்லாத மௌனமும் இல்லாத அந்தத் தட்டல்கள்,
அவற்றை அழிக்கப் போனேன்.
அழித்ததும் பாட்டு நொண்டியது.
திரும்பக் கொண்டுவந்தேன்.

கட்டத்துக்குள் எல்லாவற்றையும் இழுத்துவிட ஒரு பொத்தான் உண்டு.
அழுத்தினால் வில்னிஸ் நேரத்துக்கு வருகிறவனாகிவிடுவான்.
ஒருமுறை அழுத்திக் கேட்டேன்.
வேறு யாரோ வாசித்தார்கள்.

கடைசியில் மிஞ்சியது ஒரு விநோதம்.
அவன் சும்மா இருக்கும் இடங்களிலெல்லாம்
அடியில் ஒரு ஜி.
உடனே ஜி ஷார்ப். மறுபடி ஜி.
ஈசல் பூச்சி விளக்கைச் சுற்றுவது போல
இரண்டுக்கும் நடுவே ஒரு தவிப்பு.
வாசித்த இடங்களிலும் அதே நோய்:
எந்த ஸ்வரமும் தன் வரியில் உட்காரவில்லை,
எல்லாம் ஓர் இழை மேலே.

ஒலியைக் கூட்டிக் கேட்டேன்.
உம்ம்ம்.
ஒன்றேகால் நிமிஷத்தில் தொடங்கி
மூன்றாவது நிமிஷத்தில் உடம்பைக் குலுக்கி அடங்குகிறது.

கப்பலுக்குப் போன் போட்டேன்.
பின்னால் பாத்திரங்கள் உருண்டன.
“சமையலறையில்தானே பதிவு செய்தாய்?
ஃபிரிட்ஜை ஏன் அணைக்கவில்லை?”

“அணைத்தால் எதோடு சுருதி சேர்ப்பது, ரஸ்மா?
ட்யூனரில் பேட்டரி இல்லை.”

மின்சாரம் நொடிக்கு ஐம்பது முறை அதிர்கிறது.
ஒழுங்கான ஜி நாற்பத்தொன்பது.
அவன் நாலு கம்பியையும்
ஒரு பழைய ஃபிரிட்ஜின் பேச்சைக் கேட்டு
முறுக்கி வைத்திருக்கிறான்.
மென்பொருள் பொய் சொல்லவில்லை.
அதனிடம் அந்த இடத்துக்கு ஒரு பெயர் இல்லை, அவ்வளவுதான்.

ஃபிரிட்ஜின் ஸ்வரங்களை மட்டும் அழித்தேன்.
இருநூற்றுப் பதினாறு.
வில்னிஸின் ஸ்வரங்களைப் பக்கத்து வரியில் உட்காரவைத்தேன்.
விடிந்தபோது கோப்பு சுத்தமாக இருந்தது,
கழுவிக் கவிழ்த்த தட்டு போல.
மோத்ரிஸுக்கு அனுப்பினேன். பிரமாதம் என்றான்.
அவன் எல்லாவற்றையும் பிரமாதம் என்பவன்.

சனிக்கிழமை மதியம், காலி அரங்கம்.
கோட்டைக் கழற்ற முடியாத குளிர்.
சின்தசைசர் முதல் ஜி-யை நீட்டிப் பிடித்தது,
சுத்தமாக, நாற்பத்தொன்பதில்.
ஸ்வரம் நின்ற இடத்தில் நிற்காமல்
வீங்கித் தணிந்தது. மறுபடி வீங்கித் தணிந்தது.
நொடிக்கு ஒன்று, மூச்சு விடுவது போல.

“கோப்பில் ஏதோ கோளாறு,” என்றான் மோத்ரிஸ்.

நான் மதுக்கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.
பீர் பாட்டில்கள் நிறைந்த கண்ணாடிக் கதவுக்குப் பின்னால்
ஐம்பது
தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அலை என்பதற்கு எங்கள் மொழியில்
வில்னிஸ் என்று பெயர்.

பிளக்கைப் பிடுங்கவா என்று கேட்டாள் மதுக்கூடப் பெண்.
வேண்டாம் என்றேன்.