நானூறு வீதம்

வாகீசன் அனுப்பிய வீட்டுக்கு
முப்பத்திரண்டு படங்கள்.
மார்ச் மாதம், ஓஷவா.
புல்லை மே மாதத்துப் புல்லாக்க வேண்டும்,
வாசலில் கிடக்கும் ஊத்தைப் பனியை அள்ள வேண்டும்,
மின்கம்பிகளை வானத்திலிருந்து உருவ வேண்டும்.
படம் ஒன்றுக்கு இரண்டேகால் டொலர்.
விடிய எட்டு மணிக்குள்.

கண்ட்ரோலோடு பூச்சியம்:
வீடு முழுக்கத் திரைக்குள் வந்து நிற்கும்,
பாஸ்போட் படத்துக்கு நிற்பவர் மாதிரி, மூச்சடக்கி.
கண்ட்ரோலோடு ஒன்று: நூறு வீதம்.
செங்கல்லுக்குச் செங்கல் நிறம் வேறு என்று தெரியும்.
பூச்சியம், ஒன்று, பூச்சியம், ஒன்று.
கிட்டப் போய் ஒன்றைத் துடைப்பேன்,
எட்ட வந்து
துடைத்த இடம் தெரிகிறதா என்று பார்ப்பேன்.
தெரியாவிட்டால் வேலை சரி.
ஒருமுறை பத்து நிமிஷம் மினைக்கெட்டும் போகாத புள்ளி
என் மொனிட்டரில் தெறித்த கடுகு.

யாரும் நூறு வீதத்தில் வீடு வாங்குவதில்லை.

இரண்டு மணிக்கு ஒரு செய்தி:
‘நளா, முதல் படம். கீழ் யன்னலில
ஆரோ நிக்கினம். எடுத்துவிடும்.’

முழுப் பார்வையில் ஒருவரும் இல்லை.
நூறில், புல்லோடு ஒட்டிய யன்னலில் ஒரு கறை.
இருநூறில் கறைக்கு விளிம்பு வந்தது.
நானூறில் அது விரல்கள்.
சீலையை ஒரு பக்கம் ஒதுக்கிப் பிடித்த நான்கு விரல்கள்,
ஐந்தாவது உள்ளே.
பின்னால், இருட்டில், சிவப்பாய் ஒற்றைப் பிக்சல்.
சட்டைக் கையால் மொனிட்டரைத் துடைத்தேன்.
போகவில்லை.
சோற்றுக் குக்கர்.
கொதித்துக்கொண்டிருந்திருக்கிறது.

இன்னும் உள்ளே போனேன். தேவையில்லை, போனேன்.
ஐந்நூறைத் தாண்டினால்
சதுரக்கோட்டுக் கொப்பி விரியும்.
ஆயிரத்து அறுநூறில் விரல் என்று ஒன்று இல்லை.
மண்ணிறம், கொஞ்சம் இருண்ட மண்ணிறம்,
பக்கத்துக் கட்டத்தில் சாம்பல்.
எட்ட வந்தாலும் ஆள் இல்லை,
உள்ளே போனாலும் ஆள் இல்லை,
நானூறில் மட்டும் இருக்கிறார்.

படத்தை நகர்த்த ஸ்பேஸை அழுத்தினேன்.
அம்புக்குறி ஒரு சின்ன வெள்ளைக் கையானது.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அது,
அந்தப் பக்கம் மற்றது.
விட்டுவிட்டேன்.

இருபத்தேழாம் படம் அந்த அறைதான்.
கடை மடிப்புக் கலையாத வெள்ளைப் போர்வை,
எங்கிருந்தோ கொண்டுவந்த ஒரு ஓர்க்கிட்.
குக்கர் இல்லை, செருப்பு இல்லை.
‘உங்கட அறை முடிஞ்சுது,
இனி யன்னல் பக்கம் வராதேங்கோ’ என்றிருப்பார்கள்.
பசித்திருக்கும்.
கமராக்காரனின் கார் போய்விட்டதா என்று
ஒரு கணம் பார்த்திருப்பார்.
அந்த ஒரு கணம்.

பக்கத்து யன்னலிலிருந்து
ஒரு துண்டு வானம் வெட்டி
விரல்களின் மேல் வைத்தேன், புது அடுக்கில்.
கண் அடையாளத்தை அணைத்தால் விரல் வரும்,
ஏற்றினால் வானம் வரும்.
நாலைந்து தடவை செய்தேன்,
வேலை முடிந்த பிறகும்.
சிவப்பை மட்டும் தொடவில்லை.
பூச்சியத்தை அடித்தேன்.
எங்கே என்று எனக்கே தெரியவில்லை.

எட்டுக்குப் பத்து நிமிஷம் இருக்க அனுப்பினேன்.
தொலைபேசியில் இரண்டு விரலால் அகட்டிப் பார்த்திருப்பான்.
‘சூப்பர்’ என்று வந்தது, பெருவிரல் ஒன்றோடு.
இன்வாய்ஸில் எழுதினேன்:
யன்னல், ஒன்று. மேலதிகம், ஐந்து டொலர்.

பிறகு என் சீலையை விலக்கினேன்.
புல் மட்டத்தில் பனி, கறுத்த பனி.
மேல்வீட்டுக்காரரின் பூட்ஸ் இரண்டும்
காரைப் பார்த்துப் போயின.
முழங்காலுக்கு மேல் இங்கிருந்து தெரியாது.