இடது கண்ணின் நகரம்

ஹௌராவில் இறங்கியபோது பெரிய கடிகாரத்தில் ஐந்து ஐம்பது.
கிட்டிப்புள் தெறித்த என் வலது கண்ணில் பஞ்சு,
பஞ்சுக்கு மேல் அம்மாவின் பழைய புடவைக் கரை,
பின்மண்டையில் முடிச்சு.
மிச்சமிருந்த கண்ணுக்கு
நகரம் அட்டையில் ஒட்டிய படம்போலத் தட்டையாக இருந்தது.
சிவப்புச் சட்டைக்காரர்கள் தலையில் பெட்டிகள் மட்டும் நடந்துபோயின.
படி இருக்கிறதென்று காலைத் தூக்கினேன், இல்லை.
இல்லையென்று நினைத்த இடத்தில் இருந்தது.

"இந்தப் பக்கம் நான் இருக்கேன்"
என்றாள் அம்மா, இருட்டுப் பக்கத்திலிருந்து.
அன்று முழுக்க அவள் எனக்கு
ஒரு கை, ஒரு குரல், அவ்வளவுதான்.

மதுபூரில் அப்பா எழுதித் தந்த தாள்
என் சட்டைப்பையில், ஊக்குக் குத்தி.
ஆஸ்பத்திரியின் பெயர், முந்நூற்று நாற்பது ரூபாய்க்குக் கணக்கு,
பாலத்தில் நிற்காதே, யாரிடமும் எதையும் வாங்கித் தின்னாதே,
கடைசியில் இரண்டு கோடு இழுத்து:
அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.
எனக்கு ஒன்பது வயது.
ஒரு கண்.

படகுத்துறையில் டிக்கெட்டுக்காரன் ஏதோ கேட்டான்.
நான் ஊக்கைக் கழற்றுவதற்குள்
எனக்கு வலப்புறத்தில் யாரோ ஒருத்தி
வங்காளத்தில் அவனை ஒரு பிடி பிடித்தாள்.
வேகமாக, வாய் நிறைய, நடுவில் கொஞ்சம் சிரிப்போடு.
எட்டணா திரும்பி வந்தது.
யாரது என்று கழுத்தைத் திருப்புவதற்குள்
கூட்டம் எங்களைப் படகுக்குள் கொட்டியது.

வீட்டில் அவளுக்கு நாலே சொல்.
அதையும் உலைப்பானையைப் பார்த்துத்தான் சொல்வாள்.
இங்கே ஆற்றின் நடுவில், டீசல் புகைக்குள்ளே,
"அடுத்த துறையில் இறங்கினா சேறு, இதிலேயே இறங்கணும்" என்கிறாள்.
எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை.
தலைக்கு மேலே பாலம் போய்க்கொண்டே இருந்தது.

கைவண்டி, டிராம், எதிரே வந்த ஒரு மூங்கில் கட்டு,
ஆட்டுத்தலைகளை அடுக்கிய கூடை.
எதற்கும் அவள் என் கையை விடவில்லை.
ஒரு டீக்கடை முன்னால்
"துனி!" என்று ஓர் ஆண்குரல் கூப்பிட்டபோது
விட்டாள்.

அம்மாவின் பெயர் பர்பதியா.
துனி யாரென்று எனக்குத் தெரியாது.
என் இடது கையில் யாரோ மண்குவளையைத் திணித்தார்கள்.
சுட்டது. பிடித்துக்கொண்டேன்.
வலப்பக்கம் முழுக்கப் பேச்சு.
ஒரு தெருவின் பெயர், ஒரு மாடிவீடு, செத்துப்போன யாரோ,
பிறகு இரண்டு பேரும் ஒன்றும் பேசாத கொஞ்ச நேரம்.
"உன் பையனா?" என்று கேட்டான், எனக்குப் புரியட்டுமென்று ஹிந்தியில்.
ஆமாம் என்ற சின்னச் சொல்
வந்து சேர்வதற்குள் ஒரு டிராம் முழுசாகக் கடந்துபோனது.

கழுத்தைத் திருப்பியிருக்கலாம்.
அவள் முகம் எப்படி இருந்ததென்று பார்த்திருக்கலாம்.
தடுக்க யாருமில்லை.
நானோ இடப்பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன்:
மரத்தூள் ஒட்டிய பனிக்கட்டிப் பாளத்தை
ஒருவன் கொக்கி போட்டு இழுத்துப்போனான்.
போன வழியெல்லாம் ஈரம்.

கை திரும்பி வந்தது.
அதிலும் டீச்சூடு.

நாலாம் நாள் கட்டை அவிழ்த்து
டாக்டர் விரல்களைக் காட்டினார்.
மூன்று, என்றேன். இரண்டு, என்றேன்.
அவர் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தது
பழைய மதுபூர் அம்மா,
முக்காட்டைப் பல்லில் கடித்தபடி.

ஊர் ஸ்டேஷனில் அப்பா என்னைத் தனியே இழுத்துக் கேட்டார்:
"ரொம்பப் பயந்துட்டாளா?"
"வழி கேட்டுக் கேட்டுப் போனோம்" என்றேன்.
தாளைத் திருப்பிக் கொடுத்தேன்.
அதன் மடிப்பு போட்டது போட்டபடி இருந்ததை
அவர் கவனிக்கவில்லை.
அம்மா என் சட்டையிலிருந்து ஊக்கைக் கழற்றி
ஒன்றும் சொல்லாமல்
தன் வளையலில் மாட்டிக்கொண்டாள்.